வீடும் விஞ்ஞானமும்: மாடித் தளத்திற்கு ஏற்ற உருக்குத் தகடு

மேல்மாடி கட்ட எண்ணும் அன்பர்கள் சிலர், பலகை அடித்துக் கொங்கிறீற் இடும் பழைய முறையை விடுத்து, மடிப்புடைய உருக்குத் தகட்டை விரித்து அதன்மேற் கொங்கிறீற் இடலாமா என்று வினவுகின்றனர். இடலாம். அமெரிக்காவில் 1950களிலே பரவத் தொடங்கிய இம்முறை இன்று பல நாடுகளிலும் வழக்கிலுள்ளது. வேலை விரைவில் முடியும்; பலகையும் முட்டுக்கால்களும் மிச்சமாகும். ஆயினும், கண்டியிலோ நுவரெலியாவிலோ வீடு கட்டுபவர் கேளாமல் விடினும், யாழ்ப்பாணக் குடாநாட்டார் கேட்டே ஆகவேண்டிய வினா ஒன்று உண்டு: இத்தகடு துருவேறி மெலிந்தபின் தளத்தைத் தாங்குவது எது?

தகட்டின் தொழில் இரண்டு. முதலாவது, ஈரக் கொங்கிறீற்றைச் சுமத்தல். சராசரி 125 மில்லிமீற்றர் கனமுள்ள தளம், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 300 கிலோகிராம் நிறையுடையது. மூன்று மீற்றர்ச் சதுரமான சிற்றறையின் தளமே 2,700 கிலோகிராம் ஆகிறது. இப்பாரத்தையும் மேலே நிற்கும் தொழிலாளரையும், ஒரு மில்லிமீற்றர் அளவே தடித்த தகடு தாங்கவேண்டும். ஆதலால் விட்டங்களின் இடைவெளி 3 மீற்றருக்கு மேற்படின், கொங்கிறீற் இறுகும்வரை நடுவே முட்டுக் கொடுத்தல் பெரும்பாலும் இன்றியமையாதது.

இரண்டாவது, கம்பியின் வேலையைச் செய்தல். பாரம் ஏறும்போது தளத்தின் அடிப்பாகம் இழுபடும். கொங்கிறீற் அமுக்கத்தைத் தாங்குமேயன்றி இழுவையைத் தாங்காது. அதனைத் தகடு ஏற்கிறது. தகட்டிலுள்ள சிறு புடைப்புகள் கொங்கிறீற்றைப் பற்றிக்கொள்வதாலேயே இது இயலும். கூரைத் தகட்டில் அப்புடைப்புகள் இல்லை. அன்றியும், அலுமினியம் கலந்த பூச்சுடைய கூரைத் தகட்டை ஈரச் சீமெந்தின் காரம் அரிக்கும். மலிவென்று அதனை வாங்கித் தளத்திற்கு இடுதல் ஆகாது.

பனைமரம் வாங்கும்போது வைரம் பார்த்து வாங்கிய முன்னோரின் வழிவந்தவர் நாம். தகட்டுக்கு வைரம் அதன் நாகப் பூச்சேயாகும். சதுர மீற்றருக்கு இருபுறமும் சேர்த்து 275 கிராம் நாகம் என்பது வழக்கமான அளவு. பக்கமொன்றுக்கு அது ஏறத்தாழ 20 மைக்கிரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு. சோளகமும் வாடையும் உப்பை வாரி வீசும் கடலோரத்தில், திறந்தவெளியில் ஆண்டுக்கு 4 மைக்கிரோமீற்றர் நாகம் கரைதல் அரிதன்று. அவ்வாறாயின் பூச்சு ஐந்தாண்டில் ஒழியும். கடலிலிருந்து விலகி, உலர்ந்த அறைக்குள்ளே இருக்கும் தகட்டுக்கோ அதே பூச்சு பல பத்தாண்டுகள் காவலாகும்.

கேடு காற்றால் மட்டும் வருவதன்று. தீவுப் பகுதிகளிலும் கடனீரேரிக் கரைகளிலும் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பானது. அந்நீரிலே குழைத்த சீமெந்தும், கழுவாத கடல்மணலும் உப்பைத் தளத்துக்குள்ளேயே வைத்துவிடும். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி மீளக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்கள் முருகைக்கல்லும் சுண்ணச் சாந்துமாதலால், துருப்பிடிக்க அங்கே இரும்பு இல்லை. நம் தளத்திலோ இரும்பே உயிர்நாடி.

ஆகவே, கரையை அண்டி வீடு கட்டுவோர் தகட்டை வார்ப்புப் பலகையாக மட்டும் கருதி, பாரம் முழுவதையும் தாங்கவல்ல கம்பிகளைப் போதிய மூடுகனத்துடன் கொங்கிறீற்றுக்குள் இடுவதே தக்கது. தீ விபத்திலும் இக்கம்பிகள் உதவும். 600 பாகை செல்சியசில் உருக்கு தன் வலிமையிற் பாதியளவை இழக்கும். முதலில் வெப்பமேறுவது வெளியே நிற்கும் தகடேயன்றிக் கம்பியன்று. உள்ளூரில் உலர்ந்த இடத்திற் கட்டுவோர் தகட்டையும் கணக்கிற் சேர்க்கலாம். எவராயினும் குளியலறைக்குக் கீழே தகட்டைப் பலகையால் மறைத்துவிடுதல் நன்றன்று. மேலிருந்து கசியும் நீர் தகட்டின் மடிப்பிலே தேங்கும். துருவைக் கண்ணாற் கண்டாலன்றிப் பரிகாரம் தேட இயலாது.

கடைக்காரரிடம் விலையைக் கேட்குமுன் தகட்டின் தடிப்பையும் பூச்சின் அளவையும் கேளுங்கள். பொறியியலாளரிடமோ, தகடு இல்லாதுபோயினும் தளம் நிற்குமா என்பதற்கு விடையை எழுத்திலே பெற்றுக்கொள்ளுங்கள். அத்தளத்தின் கீழே உறங்கப்போகிறவர்கள் உங்கள் பிள்ளைகளல்லவா?