வயிற்றுக்கு வேண்டாம், வண்டிக்குப் போகட்டும்!

மாலை நேரம். திருமுல்லைவாயில் ரெயில் நிலையத்தில் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. வேலை முடிந்தவர்கள் கூட்டமாக இறங்குகிறார்கள். சி.டி.எச். ரோட்டில் லாரிகள் வரிசையாகப் போகின்றன. ரோட்டோரக் கடையில் சட்டி காய்கிறது. பஜ்ஜி பொரிகிறது.

ஒரு பக்கம் லாரி. ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது! பஜ்ஜி சுட்டு முடித்த எண்ணெயில் வண்டி ஓடும். ஓட்டியும் காட்டி இருக்கிறார்கள். கண்டம் விட்டுக் கண்டம் போய் இருக்கிறார்கள்!

பாலைவனம் தாண்டிய லாரி

ஆன்டி பேக் என்பவர் இங்கிலாந்துக்காரர். 2007-ம் ஆண்டு அவரும் அவருடைய நண்பர் ஜான் கிரிம்ஷாவும் ஒரு லாரியில் புறப்பட்டார்கள். சகாரா பாலைவனத்தின் ஓரத்தில் உள்ள டிம்பக்டு நகரம் வரை போனார்கள். தூரம் ஏறத்தாழ 7 ஆயிரம் கிலோ மீட்டர். லாரிக்கு ஊற்றிய எரிபொருள், சாக்லெட் தொழிற்சாலைக் கழிவில் இருந்து செய்தது!

மறு ஆண்டு, லண்டனில் இருந்து கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகருக்கு ஒரு பயணம். பல வண்டிகள் சேர்ந்து போயின. வழியில் அவர்கள் தேடியது பெட்ரோல் பங்க்கை அல்ல, ஓட்டலை! ஓட்டல்காரர்கள் வேண்டாம் என்று வைத்திருந்த எண்ணெயை வாங்கினார்கள். வடிகட்டினார்கள். வண்டியில் ஊற்றினார்கள்.

2009-ல் ஆன்டி பேக் ஒரு பழைய வண்டியை எடுத்துக் கொண்டு இந்தியாவை நோக்கிக் கிளம்பினார். அந்த வண்டிக்கும் சமையல் எண்ணெய்தான் தீனி. அது இந்தியா வந்து சேர்ந்தது.

இப்படிப்பட்ட வண்டியின் பின்னால் போனால், பலகாரம் சுடும் வாசனை வருமாம்!

டீசல் என்பது யார்?

டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மன் என்ஜினீயர் கண்டுபிடித்த என்ஜின், டீசல் என்ஜின் ஆயிற்று. அதில் ஊற்றும் எண்ணெய்க்கும் அந்தப் பெயரே நிலைத்து விட்டது.

1900-ம் ஆண்டு பாரீசில் பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கே ஒரு சிறிய டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஓசையில் மாற்றம் இல்லை. ஓட்டத்திலும் மாற்றம் இல்லை. பார்க்க வந்தவர்களில் பலருக்கு அது கடலை எண்ணெய் என்பதே தெரியவில்லையாம்!

பிரெஞ்சுக்காரர்களுக்கு இதில் ஏன் அக்கறை? அவர்கள் ஆண்ட ஆப்பிரிக்க நாடுகளில் கடலை ஏராளமாக விளைந்தது. நம் புதுச்சேரித் துறைமுகத்தில் இருந்தும் மணிலாக்கொட்டை பிரான்சுக்குக் கப்பல் ஏறிய காலம் அது.

தாவர எண்ணெய்க்கு ஒரு நாள் பெரிய மதிப்பு வரும் என்று 1912-ல் டீசலே சொன்னார். அடுத்த ஆண்டு அவர் இறந்து விட்டார். பூமியில் இருந்து எடுத்த எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. கடலை எண்ணெயை உலகம் மறந்தது.

எல்லா வண்டியும் குடிக்காது

"அப்படியானால் கடையில் எண்ணெய் வாங்கி ஊற்றலாமே?" என்று யாராவது கேட்கலாம். கூடாது!

சமையல் எண்ணெய் கெட்டியானது. டீசலைப் போல மெல்லிய தூறலாகத் தெறிக்காது. ஆகவே அதைச் சூடாக்க வேண்டும். இதற்காகப் பழைய வண்டிகளில் இரண்டு தொட்டி வைப்பார்கள். ஒன்றில் டீசல், மற்றதில் சமையல் எண்ணெய். டீசலில் வண்டியைக் கிளப்புவார்கள். என்ஜின் சூடேறியதும் எண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்தும் முன்பு மீண்டும் டீசலுக்கு வருவார்கள். இல்லாவிட்டால் குழாயில் எண்ணெய் உறைந்து, மறுநாள் வண்டி கிளம்பாது.

பழைய என்ஜின் முரட்டு ஆள். பழைய சோறும் சாப்பிடும். புது என்ஜின் அப்படி அல்ல. அதன் ஊசித் துளைகள் நுட்பமானவை. வடிகட்டிய எண்ணெயை அப்படியே ஊற்றினால் என்ஜின் பாழாகி விடும்.

இதற்கு வேறு வழி உண்டு. பழைய எண்ணெயுடன் மெதனாலும் காரமும் சேர்த்துத் தொழிற்சாலையில் பக்குவம் செய்கிறார்கள். எண்ணெய் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கிளிசரின். மற்றது 'பயோ டீசல்'. இதை டீசலுடன் அளவாகக் கலக்கலாம்.

இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. மெதனால் கொடிய விஷம். 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கிய கள்ளச்சாராயத்தில் இருந்தது இந்த மெதனால்தான்.

காட்டாமணக்கு சொன்ன பாடம்

இந்திய ரெயில்வேயும் இதைச் சோதித்துப் பார்த்தது. 2002-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி, டெல்லியில் இருந்து அமிர்தசரசுக்குப் போன சதாப்தி எக்ஸ்பிரஸ், 100-க்கு 5 பங்கு பயோ டீசல் கலந்த எண்ணெயில் ஓடியது.

பிறகு காட்டாமணக்கு மோகம் வந்தது. "தரிசில் நட்டால் போதும், எண்ணெய் கொட்டும்" என்றார்கள். தமிழ்நாட்டு விவசாயிகளும் நட்டார்கள். சொன்னபடி விளைச்சல் வரவில்லை. நட்டவர்களுக்குத்தான் நட்டம்.

நல்ல எண்ணெயை வண்டிக்கு ஊற்றுவதும் சரி அல்ல. நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது. தாளிக்க எண்ணெய் போதாத நாட்டில் லாரிக்கு நல்ல எண்ணெய் ஊற்றலாமா?

ஆனால் கரிந்த எண்ணெய் இருக்கிறதே! அதற்கு நிலம் வேண்டாம். நீர் வேண்டாம். ஊருக்கு ஊர், சட்டிக்குச் சட்டி அது இருக்கிறது.

கரிந்த எண்ணெய் எங்கே போகிறது?

எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சினால் அது கெடும். கெட்ட எண்ணெய்க்கும் இரத்தக் கொதிப்பு, இருதய நோய், ஈரல் நோய் ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு என்று எச்சரிக்கிறார்கள். கெட்டுப்போன பொருள் 100-க்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயில் பலகாரம் சுடக்கூடாது என்பது, 2018-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் சட்டம். இதை அளக்க, எண்ணெயில் தோய்த்துப் பார்க்கும் கருவியும் இருக்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், 'ரூகோ' என்ற திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. கடைகளில் இருந்து பழைய எண்ணெயை வாங்கிப் பயோ டீசல் செய்வதுதான் திட்டம். 2030-ம் ஆண்டுக்குள் டீசலில் 100-க்கு 5 பங்கு பயோ டீசல் கலக்க வேண்டும் என்பது அரசின் குறி.

சட்டம் வந்து விட்டது. திட்டமும் வந்து விட்டது. சட்டிக்கு வந்ததா?

ரோட்டோரக் கடைக்காரரைத் திட்டிப் பயன் இல்லை. ஒரு டின் எண்ணெய் அவருக்குப் பெரிய முதல். கரிந்தது என்று கொட்டினால் அன்றைய லாபம் சாக்கடையில் போகும். ஆகவே புது எண்ணெயை அதிலேயே ஊற்றி நிரப்புகிறார். பெரிய கடையில் கழித்த எண்ணெய், சின்னக் கடைக்கு மலிவாக வருவதும் உண்டு. கடைசியில் அதைச் சாப்பிடுகிறவர் யார்? காசு குறைந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை.

என்ன செய்ய வேண்டும்?

பழைய எண்ணெய்க்கு நியாயமான விலை கடை வாசலிலேயே கிடைக்க வேண்டும். அதுதான் முதல் வேலை. கொட்டுவதை விட விற்பது லாபம் என்றால், எந்தக் கடைக்காரரும் அதைச் சட்டியில் வைத்திருக்க மாட்டார்.

இதை ஆவடி மாநகராட்சி திருமுல்லைவாயிலிலேயே தொடங்கிப் பார்க்கலாம். வாரம் ஒரு நாள் தெருத் தெருவாக எண்ணெய் வாங்கும் வண்டி வரட்டும். பெண்களுக்கென்றே தொழிற்பேட்டை உள்ள ஊர் இது. எண்ணெய் சேர்க்கும் வேலையைப் பெண்கள் குழுக்களிடம் கொடுத்தால், நாலு குடும்பம் பிழைக்கும். வாங்குகிறவர் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். கணக்கும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே எண்ணெய் தெளிய வைக்கப்பட்டு, மீண்டும் டின்னில் ஏறி, நம் சமையல் அறைக்கே திரும்பி வரும்!

வீட்டிலும் இரண்டு காரியம் செய்யலாம். பண்டிகைக்குப் பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். அதைத் தொட்டியிலும் கொட்ட வேண்டாம். சாக்கடை அடைத்துக் கொள்ளும். பாட்டிலில் சேர்த்து வைத்தால், வாங்க வரும் வண்டியிடம் கொடுக்கலாம்.

கரிந்த எண்ணெய் மட்டும் நாட்டின் லாரிகளை எல்லாம் ஓட்டி விடாது. அத்தனை எண்ணெய் இல்லை. ஆனால் ஒரு டின் கரிந்த எண்ணெய் லாரிக்குப் போனால், ஒரு டின் விஷம் சாப்பாட்டுத் தட்டில் குறையும். அது போதாதா?

கண்டம் விட்டுக் கண்டம் தாண்ட அந்த எண்ணெய் உதவியது. திருமுல்லைவாயிலில் அது கடை வாசலைத் தாண்டினாலே போதும்.