லெதர் அத்தர் பூசிக்கொண்டு ஜும்ஆவுக்கு வருகிறவர்களுக்கு



இதைப் போன வெள்ளிக்கிழமையே எழுத இருந்தேன். கோபத்தோடு எழுதினால் பிழைத்துவிடும் என்று வைத்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் கோபப்படுகிற தகுதியும் எனக்கில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஜும்ஆவில் எனக்கு வலப்பக்கம் ஒரு தம்பி. வெள்ளை ஜுப்பா, அயன் கலையாத மடிப்பு, ஆள் வந்து உட்காரும் முன்பே வாசம் வந்துவிட்டது. இப்போது நம்மட ஊரில் எல்லாப் பொடியன்மாரும் கேட்டு வாங்குகிற அதே லெதர் அத்தர். இடப்பக்கம் வயது போன ஒரு ஹாஜியார். குத்பா தொடங்கி ஐந்து நிமிடத்தில் அவர் சால்வையை எடுத்து மூக்கைப் பொத்தினார். பிறகு இருமல். பிறகு மெல்ல எழும்பிப் பின்னுக்குப் போய் வெளி விறாந்தையில் உட்கார்ந்துகொண்டார். வேளைக்கே வந்து பிடித்த முன் ஸஃப் அவருக்கு அப்படிப் போனது. அந்தத் தம்பிக்கு ஒன்றும் தெரியாது. குத்பா நேரம் பேசவும் முடியாது, தொழுகை முடிந்த பிறகு யாரும் சொல்லவும் இல்லை. நானும் சொல்லவில்லை.

அவர் பூசியிருந்த சாமான் எனக்கு நன்றாகத் தெரியும். என் மேசை லாச்சியிலும் ஒரு போத்தல் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பொடியன் அத்தர்க் கடையில் நிற்பதைக் கண்டு உள்ளே போனேன். "சேர், கையத் தாங்க" என்று மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தான். "இது ஸ்பைசி லெதர். டஸ்கன் லெதர் டைப். இப்ப எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க." டஸ்கன் லெதர் என்பது டொம் ஃபோர்ட் கம்பனி 2007இல் வெளியிட்ட ஒரு விலை கூடிய சென்ட். நம்மட கடைகளில் கிடைப்பது அதைப் பார்த்துச் செய்த எண்ணெய். 3 மில்லி, 6 மில்லிச் சின்னப் போத்தல்கள்.

மணந்து பார்த்தேன். லெதர் எங்கே என்று கேட்டேன். புரியாணிச் சஹனின் மூடியைத் திறந்ததுபோல ஏலமும் மிளகும் குங்குமப்பூவும் எழும்பி வந்தது. கொஞ்சம் பழ இனிப்பும் இருந்தது. "பொறுங்க சேர், வரும்" என்றான். அவன் சொன்னதுதான் சரி. அன்றைக்கு அஸருக்குப் பிறகு பூசியதை இரவு வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். விஞ்ஞானம் படிப்பிக்கிற வருத்தம், விட்டுப் போகாது.

முதல் கால் மணித்தியாலம் ஏலம், மிளகு. அதன் பிறகு கறுவாவும் கராம்பும் மேலே வந்தன. கராம்பின் மணம் யூஜினோல் என்ற பொருளில் இருந்து வருவது. பல் டொக்டரின் அறை மணப்பதும் அதனால்தான். எனவே கொஞ்ச நேரம் என் கை டிஸ்பென்சரி மாதிரி இருந்தது. மஃரிப் நெருங்கும்போதுதான் லெதர் வந்தது. புதுச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்த வாசம், அதற்குள் ஒரு புகை, கடற்கரையில் தோணிக்குக் கீல் பூசும்போது வருகிற கசப்பு. வீட்டில் "இஞ்ச பாருங்க, செருப்புக் கடைக்கா போய் வந்தீங்க?" என்று கேட்டார்கள். இஷாவுக்கு நடந்து போய் வியர்த்ததும் அது இன்னும் முரடானது. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணித்தியாலம் எனக்கே பிடிக்கவில்லை.

ஆனால் படுக்கப் போகும்போது கையை மணந்தேன். முரடு எல்லாம் போய், சாம்பிராணி அணைந்த அறைபோல ஒரு மெல்லிய இனிப்பு. வாப்பா சாரனுக்கு மேல் கட்டுகிற அகலமான தோல் பட்டி, காசு வைக்கிற பையோடு, கதவுக்குப் பின்னால் தொங்கும். அவர் மௌத்தாகிப் பல வருடம். அந்தப் பட்டியின் வாசம் என் கையில் இருந்தது. சுபஹுக்கு எழும்பினேன், அப்போதும் கொஞ்சம் இருந்தது. மறுநாளே போய் 6 மில்லி வாங்கினேன். ஆகவே லெதர் வாசத்துக்கு நான் எதிரி என்று யாரும் கொமென்ட் போட வேண்டாம்.

ஏன் இப்படி மாறுகிறது? பாடம் எடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள், இது தெரிந்தால்தான் நான் சொல்ல வருவது விளங்கும்.

போத்தலில் ஒன்றாக இருப்பவை ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. ஏலம், மிளகு போன்றவற்றின் மூலக்கூறுகள் இலேசானவை, தோலின் சூட்டில் முதலில் பறந்துவிடும். கறுவாவும் கராம்பும் அதற்கு அடுத்தது. லெதர் என்று நாம் மணப்பது கடைசியில் நிற்கும் பாரமான கூட்டம். அதில் உண்மையான தோல் கிடையாது. பேர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தின் பட்டையைக் காய்ச்சி எடுக்கிற தார் எண்ணெய், லப்டனம் என்ற பிசின், சாம்பிராணி வகைகள், ஐசோபியூட்டைல் குயினோலீன் போன்ற செயற்கைப் பொருட்கள், இவற்றைச் சேர்த்து "தோல்" என்று மூக்கை நம்பவைக்கிறார்கள். முற்காலத்தில் ரஷ்யாவில் தோலைப் பதப்படுத்தவே பேர்ச் தார் எண்ணெய் பாவித்தார்கள். அந்தப் புகை வாசம்தான் நல்ல தோலின் வாசம் என்று உலகம் பழகிக்கொண்டது.

உண்மையான பச்சைத் தோலின் வாசம் நமக்குத் தெரியும். உழ்ஹிய்யா முடிந்து, உப்புப் போட்டுக் குவித்து வைத்த தோலுக்குப் பக்கத்தில் நின்றவர்களிடம் கேளுங்கள். பிரான்சில் கிராஸ் என்ற ஊர் இன்றைக்கு சென்டுக்குப் பேர்போனது. முதலில் அது தோல் பதனிடுகிற ஊர். கையுறையில் அடித்த நாற்றத்தை மறைக்க வாசனை பூசத் தொடங்கி, பிறகு தோல் தொழில் போய் வாசனைத் தொழில் நிலைத்தது. நாற்றத்தை மறைக்க வந்த வாசனை, இப்போது தோல் வாசத்தையே செய்து விற்கிறது. சிரிப்பாக இருக்கிறது.

ஆளுக்கு ஆளும் மாறும். அதே போத்தலைத் தம்பியின் கையில் பூசிப் பார்த்தோம். அவனுக்கு எண்ணெய்த் தோல், கறுவா இரண்டு மணித்தியாலம் நின்றது. எனக்கு வரண்ட தோல், அரை மணித்தியாலத்தில் கறுவா போய்விட்டது. இதனால்தான் கூட்டாளியின் மேலில் மணந்ததை நம்பி வாங்கிவிட்டு "எனக்கு வேற சாமானத் தந்துட்டான்" என்று கடைக்காரனோடு சண்டை பிடிக்கிறார்கள். அவன் அதையேதான் தந்திருப்பான்.

இனி முக்கியமான விடயம். கருவாட்டுக் கடைக்குள் நுழைகிற நமக்கு வாசம் முகத்தில் அடிக்கும். கடைக்கார நானாவுக்கு ஒன்றும் மணக்காது. மூக்கு ஒரே வாசத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் அதைக் கணக்கெடுக்காமல் விட்டுவிடும். அத்தர் பூசுகிறவனுக்கும் இதே கதைதான். ஏலம் பறந்துவிட்டது, லெதருக்கு மூக்குப் பழகிவிட்டது. "போயிட்டு மச்சான், நிக்கிதில்ல" என்று இன்னொரு கோடு, ஜுப்பாக் கழுத்தில் ஒரு கோடு, தாடியில் கொஞ்சம். உண்மையில் ஒன்றும் போகவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு அது கூடிக்கொண்டே போகிறது. தனக்கு எவ்வளவு மணக்கிறது என்று தெரியாத ஒரே ஆள், பூசியவன்தான்.

இதை நான் எப்படிக் கற்றேன் என்று சொல்கிறேன். வாங்கிய அடுத்த நாள் காலையில் அதைத்தான் நானும் செய்தேன். மணிக்கட்டு இரண்டிலும், கழுத்திலும், சேர்ட் கொலரிலும். ஸ்கூலுக்குப் போக முன் மணக்கவில்லை என்று திரும்பவும். முதல் பாடம் ஒன்பதாம் வகுப்பு. முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை "சேர், ஜன்னலத் திறக்கட்டா?" என்று கேட்டாள். மழை அடிக்கிறது, வேண்டாம் மகள் என்றேன். கொஞ்ச நேரத்தில் பாக்குக்குள் கைவிட்டுத் தேடுகிறாள். வீசிங் பம்ப். அதை எடுத்துக்கொண்டு, கேட்காமலே வெளியே போய்விட்டாள். நான் "எங்க போறீங்க?" என்று சத்தமாகக் கேட்டதுதான் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. அவளுடைய கூட்டாளிதான் எழும்பி, மெதுவாக, "சேர்ட வாசம் சேர்" என்றாள். வகுப்பு முழுக்க அமைதி.

பிள்ளை நல்லாகிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். உம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார், "பரவாயில்ல சேர், சாச்சா வீட்டுக் கலியாணத்துக்கே இவளக் கூட்டிப் போறல்ல, அத்தர் வாசத்துக்குப் பயம்." ஒரு பிள்ளை சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போவதில்லை. நாம் சுன்னத்து என்று பூசுகிற ஒன்றுக்காக.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எந்தக் கடுமையான வாசமும் இழுப்பைக் கிளப்பலாம், லெதர் மட்டும் குற்றவாளி இல்லை. ஆனால் ஒரு எலுமிச்சை வாசமோ ரோஸ் வாசமோ சீக்கிரம் அடங்கும். லெதரின் பாரமான பகுதி நாள் முழுக்க அறையில் நிற்கும். அதுதான் வித்தியாசம். இன்னொன்று, கறுவாப் பட்டை எண்ணெயில் இருக்கிற சின்னமல்டிஹைட்டும் கராம்பின் யூஜினோலும் சிலரின் தோலில் ஒவ்வாமையைக் கொண்டுவரும். ஐரோப்பாவில் 2005இல் இவை உட்பட 26 வாசனைப் பொருட்களின் பெயரை, ஒரு அளவுக்கு மேல் இருந்தால், லேபலில் போட்டே ஆகவேண்டும் என்று ஆக்கினார்கள். நம்மட கடையில் பெரிய போத்தலில் இருந்து சிரிஞ்சால் உறிஞ்சித் தருகிற சாமானுக்கு லேபல் எங்கே? பூசிய இடம் சிவந்து கடித்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். "ஒரிஜினல், அதுதான் எரியுது" என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

அற்ககோல் கலந்த சென்ட் கூடுமா கூடாதா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. அது உலமாக்களின் வேலை.

ஆனால் ஒரு விடயத்தை எல்லாரும் அறிவோம். ஜும்ஆவுக்குக் குளித்து, இருக்கிற நல்ல வாசனையைப் பூசி வரச் சொன்ன அதே நபி (ஸல்) அவர்கள்தான், பச்சை வெங்காயமும் உள்ளியும் தின்றவர் பள்ளிக்கு நெருங்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவரின் மூக்குக்கு ஒரு ஹக் இருக்கிறது என்றுதான் எனக்கு விளங்குகிறது. அத்தர் தந்தால் மறுக்கக்கூடாது என்று நாம் வளர்ந்தோம், அதுவும் சரி. அதனாலேயே அத்தர் தலையிடிக்கிறது என்று சொல்ல ஆளில்லை. சொன்னால் சுன்னத்தைக் குறை சொன்னதாகப் போய்விடுமோ என்று பயம். ஹாஜியார் சொல்லாமல் எழும்பிப் போனது அதனால்தான்.

வெள்ளி வீட்டுக்கு வந்ததில் இருந்து நான் பண்ணுவதை எழுதுகிறேன். ஜும்ஆவுக்கு லெதர் பூசுவதென்றால் காலை எட்டு மணிக்கே பூசிவிடுகிறேன். ஒரே ஒரு கோடு, கையில் மட்டும், துணியில் இல்லை. துணியில் பூசினால் தோலின் சூடு இல்லை, மாறவும் மாறாது, அடுத்த கழுவலிலும் போகாது. பன்னிரண்டரைக்கு முரடு அடங்கி, அந்தத் தோல் பட்டி வாசம் மட்டும் மிஞ்சும். ஸலாம் சொல்லிக் கை கொடுப்பவருக்கு மட்டும் தெரியும். பூசியது போதுமா என்று என் மூக்கைக் கேட்பதில்லை. வீட்டில் கேட்கிறேன். ஸ்கூல் நாளில் பூசுவதே இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. அத்தர்க் கடைகளில் இப்போதே கூட்டம். வாங்குகிற தம்பிமாரே, மூடியை மணந்து காசு கொடுக்காதீர்கள். மூடி ஏலத்தை மட்டும்தான் காட்டும். கையில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், இஷா வரைக்கும் பாருங்கள், நாளைக்கு வந்து வாங்குங்கள். கடை எங்கேயும் ஓடாது. கடைக்காரப் பொடியனும் என்னைக் கோபிக்கமாட்டான். அவனே எனக்கு முதலில் சொன்னது "பொறுங்க சேர்" என்றுதானே.

அந்த ஜுப்பாத் தம்பி இதைப் படித்தால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார். தம்பி, உங்களைக் குறை சொல்ல எனக்கு முகமில்லை. உங்களுக்கு ஒரு வேலை மட்டும் தருகிறேன். வருகிற வெள்ளி நான் வேளைக்குப் போய் ஹாஜியாருக்கு முன் ஸஃபில் இடம் பிடித்து வைக்கிறேன். நீங்கள் காலை எட்டு மணிக்குப் பூசுங்கள். வந்து அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.