துளை போடும் அன்றே ஊரைக் கேளுங்கள்: கடலூர் மண்ணுக்கு அடியில் நடக்கும் தேடலும் யாரும் பேசாத முதல் கட்டமும்

கடலூர் மாவட்டத்தில் வயலுக்குள் துளை போடும் வண்டி ஒன்று வந்து நின்றால், ஊரில் முதலில் எழும் கேள்வி “தண்ணிக்கா, கரிக்கா?” என்பதுதான். தண்ணீருக்கு என்றால் கூட்டம் கலைந்துவிடும். கரிக்கு என்றால் அன்று ராத்திரி பலருக்குத் தூக்கம் வராது. வந்தவர்களிடம் கேட்டால், “வெறும் ஆய்வுதாங்க, பாத்துட்டுப் போயிடுவோம்” என்று பதில் வரும்.

சட்டப்படி அந்தப் பதில் சரி. ஆய்வு வேறு, சுரங்கம் வேறு. ஆனால் நடைமுறையில், ஓர் ஊரின் அடுத்த 50 ஆண்டுகள் தீர்மானமாகத் தொடங்குவது அந்தத் துளையில்தான். ஊரிடம் கருத்து கேட்பதோ, எல்லாம் முடிவான பிறகு, கடைசிக் கட்டத்தில். சிக்கலே இங்குதான் இருக்கிறது.

கிணற்றில் வந்த கறுப்பு

நெய்வேலியின் கதையே ஒரு துளையில்தான் தொடங்கியது. 1930-களின் நடுவில், தன் நிலத்தில் ஜம்புலிங்க முதலியார் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதை அவர் அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1943 முதல் 1946 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்கே துளையிட்டு, கீழே இருப்பது பழுப்பு நிலக்கரிதான் என்பதை உறுதி செய்தது. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார். 1961-ல் கரி வெளியே தெரிந்தது. அடுத்த ஆண்டே மின்சாரம்.

கிணற்றில் கறுப்பைப் பார்த்ததற்கும் கரியை வெளியே எடுத்ததற்கும் இடையே சுமார் கால் நூற்றாண்டு. நெய்வேலி தமிழகத்துக்கு வெளிச்சம் தந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை தந்தது. அதே நேரம், நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்காகவும் இழப்பீட்டுக்காகவும் இன்றைக்கும் அலைபவர்கள் இருக்கிறார்கள். “மொதல்லயே தெரிஞ்சிருந்தா வேற மாதிரி பேசியிருப்போம்” என்ற ஆதங்கத்தை அந்தப் பக்கத்துக் கிராமங்களில் யாரும் கேட்கலாம்.

மண்ணுக்குள் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பழுப்பு நிலக்கரி ஒரு பாய் விரித்தது மாதிரி அடுக்காகக் கிடக்கும். நெய்வேலிப் பகுதியில் அதன் மேலே கடலூர் மணற்கல், களிமண், மணல் எல்லாம் சேர்ந்து 50 மீட்டருக்கும் அதிகமாக மூடியிருக்கிறது. தென்கிழக்கே கடல் பக்கம் போகப் போக ஆழம் கூடுகிறது. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனவே குறிப்பிட்ட இடைவெளியில் கட்டம் போட்டுத் துளையிடுகிறார்கள். வரும் மண்ணையும் கல்லையும் அடுக்கி வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு துளைக்குள் கருவியை இறக்கி, எந்த ஆழத்தில் அடர்த்தி குறைகிறது, இயற்கைக் கதிர்வீச்சு குறைகிறது என்று அளக்கிறார்கள். அந்த இரண்டும் சேர்ந்து குறையும் இடத்தில் கரி இருக்க வாய்ப்பு அதிகம்.

தாமிரத்துக்கு வேலை இன்னும் கடினம். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் சான் மானுவல் என்ற தாமிரப் படிவத்தைப் பூமிப் பிளவு ஒன்று இரண்டாக வெட்டியிருந்தது. காணாமல் போன மறுபாதி எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும் என்று பாறைகளில் ஏற்பட்டிருந்த மாற்றங்களை வைத்தே கணக்கிட்டார் டேவிட் லோவல் என்ற புவியியலாளர். 1960-களின் நடுவில் அவர் சொன்ன இடத்தில் துளையிட்டார்கள். கலமசூ என்று இன்று அழைக்கப்படும் மறுபாதி கிடைத்தது. மேலே வெறும் சரளை மண். கீழே தாமிரம். உலகம் முழுக்க மண்மூடிக் கிடக்கும் தாமிரத்தைத் தேடுபவர்கள் இன்றும் அவரது முறையைப் படிக்கிறார்கள்.

அறிவியலாகப் பார்த்தால் அற்புதமான வேலை இது. ஆனால் அதே அரிசோனாவில் இன்னொரு பாடமும் இருக்கிறது.

‘ஆழத்துலதானே இருக்கு, மேல என்ன ஆகும்?’

சுப்பீரியர் என்ற சுரங்க ஊருக்கு அருகே 1995-ல் ஒரு பெரிய தாமிரப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. ஆழம் சுமார் 2 கிலோமீட்டர். அத்தனை ஆழத்தில் எடுத்தால் மேலே ஒன்றும் ஆகாது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அங்கே திட்டமிடப்பட்ட முறையில் கீழேயிருந்து தாதுவை எடுக்க எடுக்க, மேலே நிலம் உள்வாங்கி மாபெரும் பள்ளமாகும். அந்த நிலம் அப்பாச்சி பழங்குடியினர் புனிதமாகக் கருதும் ஓக் ஃப்ளாட். அதை நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்க 2014-ல் சட்டத்தில் இடம் செய்யப்பட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் வழக்கும் போராட்டமும்தான்.

கடலூர் நிலைமை இதைவிட நேரடியானது. இங்கே திறந்தவெளிச் சுரங்கம். ஒரு டன் கரிக்கு 5 கனமீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். வயல், வீடு, கோயில், சுடுகாடு, ஏரி வாய்க்கால் எதுவும் மிஞ்சாது. கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரைத் தொடர்ந்து இறைக்காவிட்டால் சுரங்கத் தரையே பிய்த்துக்கொண்டு எழும். எனவே கரி எடுக்கும்வரை தண்ணீரையும் எடுத்தாக வேண்டும். சுற்றுவட்டாரத்துக் கிணறுகளின் கவலை அங்கிருந்து வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டு சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின்படி, உரிமம் பெற்றவர் நிலத்துக்குள் நுழைந்து ஆய்வு செய்யலாம். பயிருக்கோ நிலத்துக்கோ சேதம் ஏற்பட்டால் இழப்பீடு உண்டு. வீட்டை ஒட்டிய தோட்டம், முற்றம் என்றால் மட்டும் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் 7 நாள் முன்பு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வயலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. புவியியல் ஆய்வுத் துறை போன்ற அரசு அமைப்புகளுக்கோ உரிமமே தேவையில்லை.

கிராம சபைக்கு இதில் என்ன பங்கு? ஆய்வுக் கட்டத்தில் ஒன்றும் இல்லை. ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் தமிழ்நாட்டில் இல்லாததால், பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு உள்ள சிறப்பு அதிகாரமும் இங்கே பொருந்தாது. சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் வரும். ஆனால் அதற்குள் ஆய்வு முடிந்து, திட்டமும் தயாராகி, பல நேரம் வட்டாரம் ஏலம் போயிருக்கும். அந்த மேடையில் விவசாயி பேசுவது ஏற்கெனவே எழுதி முடித்த ஒரு திட்டத்துக்கு எதிராக.

இதற்கு நல்ல முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் டெல்டா மாவட்டங்களோடு, கடலூரின் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய 5 ஒன்றியங்களையும் சேர்த்தது. எண்ணெய், எரிவாயுவை எடுப்பதற்கு மட்டுமல்ல, தேடுவதற்கும் துளையிடுவதற்கும் அது தடை போட்டது. அதாவது, பாதிப்பு தேடலிலேயே தொடங்குகிறது என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் பழுப்பு நிலக்கரி அந்தத் தடைப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை.

2023 சொன்ன பாடம்

அந்த ஓட்டையின் விலை 2023-ல் தெரிந்தது. மத்திய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏலப் பட்டியலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி என மூன்று பழுப்பு நிலக்கரி வட்டாரங்கள் இருந்தன. ஏப்ரல் 4-ம் தேதி முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டப்பேரவையில் விவாதம் நடந்தது. ஏப்ரல் 8-ம் தேதி, மூன்றையும் பட்டியலிலிருந்து நீக்குவதாக அமைச்சர் பிரலாத் ஜோஷி அறிவித்தார். ஊர் மூச்சு விட்டது.

ஆனால் நீக்கப்பட்டது பட்டியலில் இருந்த பெயர் மட்டும்தான். கரி கீழேயே இருக்கிறது. தரவும் கோப்பில் இருக்கிறது. ‘திரும்ப வருவாங்களா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை.

அதே ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கான மாற்றுக் கால்வாய்க்காக, விளைந்துகொண்டிருந்த நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சி மாநிலம் முழுக்கப் பார்க்கப்பட்டது. நிலம் பத்தாண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது என்.எல்.சி. காகிதத்தில் முடிந்துபோன விஷயம், மண்ணில் முடியாமல் இருந்தது. கட்டங்களுக்கு நடுவே விழும் இந்த இடைவெளியில்தான் விவசாயி மாட்டிக்கொள்கிறார்.

மதுரை மாவட்டத்திலும் இதே கதைதான். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரம் 2024 நவம்பரில் ஏலம் போனபோதுதான் அரிட்டாபட்டி மக்களுக்கு விஷயம் தெரிந்தது. அது தொடர்பான புவியியல் அறிக்கை மாநில அரசின் கைக்கு 2021-லேயே வந்துவிட்டது. மூன்று ஆண்டுகள் அந்தத் தகவல் அலுவலகத்துக்குள்ளேயே கிடந்தது. எதிர்ப்பு வெடித்த பிறகு, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஊரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், அத்தனை நடைபயணமும் கைதும் தேவைப்பட்டிருக்குமா?

அப்படியானால் தேடவே கூடாதா?

இப்படிச் சொல்வது எளிது, ஆனால் சரியல்ல. மின்கம்பி, மோட்டார், மின்வாகனம் எல்லாவற்றுக்கும் தாமிரம் வேண்டும். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திருத்திய சட்டம், தாமிரம், தங்கம் போன்ற ஆழத்துக் கனிமங்களைத் தேடத் தனியாருக்குத் தனி உரிமத்தையே உருவாக்கியிருக்கிறது. தேடல் இனி கூடத்தான் செய்யும்.

இன்னொன்றும் இருக்கிறது. கரிக்காகப் போடும் அதே துளை தண்ணீரையும் காட்டும். எந்த ஆழத்தில் நல்ல தண்ணீர், எங்கே உப்பு என்பதை அது சொல்லும். பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கம் கடல்நீர் உள்ளே வருவதைப் பற்றிக் கவலைப்படும் விவசாயிக்கு அந்தத் தகவல் தங்கம். வீராணத்தை நம்பி 40 ஆயிரம் ஏக்கருக்கும் மேல் பாசனம் நடக்கிறது. சென்னைக்குக் குடிநீரும் அங்கிருந்து போகிறது. அந்த ஏரியைச் சுற்றி நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது தப்பில்லை. தெரிந்ததை ஊரிடம் சொல்லாமல் வைத்திருப்பதுதான் தப்பு.

செய்ய வேண்டியவை

ஒன்று: எந்தக் கனிமத்துக்கு, எத்தனை துளை, எந்த நிறுவனம் என்பதை வண்டி வருவதற்கு முன்பே கிராம சபையில் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. புதிதாக ஓர் அமைப்பே தேவையில்லை. ஊரின் தீர்மானம் ஆய்வு அறிக்கையின் பகுதியாக இணைக்கப்பட வேண்டும்.

இரண்டு: வேலை முடிந்ததும் துளையைச் சிமென்ட் கலவையால் ஒழுங்காக அடைக்க வேண்டும். அழுத்த நீர் உள்ள மண் இது. திறந்து கிடக்கும் துளை உப்பு நீரையும் நல்ல நீரையும் இணைத்துவிடும். அடைத்ததை ஊராட்சித் தலைவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

மூன்று: தரவு தமிழில் வேண்டும். 2023 டிசம்பரில் தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியம் தொடங்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் குமராட்சி விவசாயி அதைத் திறந்து என்ன புரிந்துகொள்வார்? சிதம்பரத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புவி அறிவியல் துறை இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நான்கு பக்கத்தில் எளிய தமிழ் அறிக்கை தரும் பொறுப்பை அதனிடம் கொடுக்கலாம்.

நான்கு: ஆய்வுக்குக் காலக்கெடுவும் முடிவும் வேண்டும். ‘இங்கே சுரங்கம் வராது’ என்றால் அதை அரசாணையாக எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நிலத்தை விற்கவும் முடியாது, நம்பி போர் போடவும் முடியாது, வீடு கட்டவும் மனசு வராது.

ஐந்து: சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தின் தடைப் பட்டியலில் பழுப்பு நிலக்கரியைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். 2023-ல் மத்திய அரசின் பட்டியலை எதிர்த்த மாநில அரசு தன் கையில் இருக்கும் இந்த வேலையைச் செய்ய யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பேரவைக் கூட்டத்தொடரிலேயே இதற்கான திருத்தத்தைக் கொண்டுவரலாம்.