கர்னல் மாறுவார், குமாஸ்தா நாற்காலி?

பாலக்காட்டில் ரயில்வே குமாஸ்தாவாக இருக்கும் நான், சென்ற மாதம் லீவில் கம்பம்மெட்டுக்குப் போயிருந்தேன். சோதனைச் சாவடி டீக்கடையில் எங்கள் ஊர் முன்னாள் ஹவில்தார் ஒருவரைக் கண்டேன். பட்டாளத்தில் 17 ஆண்டு குமாஸ்தா வேலை பார்த்தவர். டைப் அடிப்பார், சம்பளப் பட்டியல் போடுவார். இப்போது ஏலக்காய் ஸ்டோரில் இரவுக் காவல்.

"அண்ணே, என்.சி.சி. ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கு மனுப் போடலையா?" என்றேன்.

"அப்படி ஒண்ணு இருக்கா தம்பி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இருக்கிறது. கேரள பி.எஸ்.சி., என்.சி.சி. மற்றும் சைனிக் நலத் துறைகளுக்குக் குமாஸ்தா, டிரைவர், கடைநிலை ஊழியர் வேலைகளில் முன்னாள் படைவீரருக்கென்றே தனியாக அறிவிப்புச் செய்து, மாவட்ட வாரியாக ஆள் எடுக்கிறது. படையில் இருந்த காலத்துக்கு வயதுச் சலுகையும் உண்டு.

1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த என்.சி.சி.யை மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் சேர்ந்து நடத்துகின்றன. அதிகாரிகளும் பயிற்சி தரும் ஹவில்தார்களும் ராணுவத்திலிருந்து வருகிறார்கள். ஆபீஸ் கட்டிடம், குமாஸ்தா, டிரைவர் எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. கர்னல் இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுவார். எந்தக் கல்லூரிப் பையன் எத்தனை பரேடுக்கு வந்தான், எந்த முகாமுக்குப் போனான் என்ற கணக்கு குமாஸ்தாவின் மேஜையில்தான் இருக்கும். 'சி' சர்டிபிகேட் உள்ளவர், தகுதி இருந்தால், யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வின்றியே ராணுவ அதிகாரித் தேர்வுக் குழுவின் முன் போகலாம். ரிஜிஸ்டரில் ஒரு வரி விடுபட்டால் அந்தப் பையனின் கதி என்ன?

அந்த நாற்காலியில் நிரந்தர ஆள் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. கேரளத்தில் பி.எஸ்.சி. பட்டியல் வரும்வரை எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாக 179 நாளுக்கு ஆள் வைப்பது வழக்கம். வேலை பிடிபடும் நேரத்தில் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்தவர் வந்து பீரோச் சாவியைத் தேடுவார். ரயில்வேயில் பார்சல் ஆபீசுக்குப் புது ஆள் வந்தால் நாங்கள் படும் பாட்டை நினைத்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மாநிலங்களுக்கென்று நேஷனல் கார்டு என்ற படை உண்டு. அதன் சிப்பாய்களில் பெரும்பாலோர் மாதத்தில் ஒரு சனி ஞாயிறும் ஆண்டுக்கு இரண்டு வாரமும்தான் பயிற்சிக்கு வருவார்கள். மற்ற நாட்களில் ஆபீசையும் தளவாடத்தையும் கவனிக்க முழுநேர ஊழியர் வேண்டுமே? அவர்களுக்கு ஒழுங்கான சம்பளமும் பென்ஷனும் கிடைக்க 1968இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

இனி நம்மவர் சங்கதி. எங்கள் மலையில் பட்டாளத்துக்குப் போனவர்கள் பலர் கம்பத்திலும் கூடலூரிலும் தமிழில் படித்தவர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விலாசம் தேனிப் பக்கம், குடியிருப்பு இந்தப் பக்கம். அங்கே பதிந்ததோடு திருப்தியடைந்து விடுகிறோம். இங்கே யாரும் கேட்பதில்லை. இது நம் தவறு. ஆனால் பி.எஸ்.சி. அறிவிப்பு தமிழில் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. லாட்டரி விளம்பரம் டீக்கடைச் சுவரெல்லாம் தமிழில் பளிச்சென்று தெரிகிறது! தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே சர்க்காருக்கு எழுத 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அப்படியிருக்க, உடும்பன்சோலை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் தாலுகா ஆபீசுகளில் ஒரு தாளைத் தமிழில் ஒட்டுவதற்கு என்ன தடை? மலையாளம் எழுதப் படிக்க நாமும் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். கோப்பு மலையாளத்தில்தானே ஓடுகிறது.

இன்னொரு கேள்வியும் வருகிறது. 2022இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நான்கு ஆண்டுக்குப் பின் படையில் நீடிக்க முடியும். மற்றவர்கள் இந்த ஒதுக்கீட்டில் வருவார்களா, மாட்டார்களா? மாநில சர்க்கார் இதைத் தெளிவாக எழுதி வைத்தால் பின்னால் வழக்கு வம்பு இராது.

ஹவில்தார் அண்ணன் அக்ஷயா மையத்துக்குப் போய் பி.எஸ்.சி.யில் பெயர் பதிந்துவிட்டார். அறிவிப்பு வந்ததா என்று நாளுக்கொரு முறை போன் செய்கிறார்.