மீதி பூஜ்யம் வந்தால்?

மென்பொருள் வழியே கணிதம் என்றதும், அசையும் படங்களோடு ஓடும் பாடக் காணொளிதான் பலர் நினைவுக்கு வருகிறது. சரியான விடையைத் தொட்டால் கைதட்டும் செயலியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். மென்பொருள் வழிச் செயல்திட்டம் என்பது வேறு. அதில் கணக்கின் விதியை மாணவரே கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 1967-இல் சீமோர் பாப்பர்ட்டும் சகாக்களும் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினிமொழியை உருவாக்கியது இந்த எண்ணத்தில்தான்.

2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதி உண்டு. அதிலுள்ள ஜியோஜீப்ரா பயிற்சிகளில் எண்ணை மாற்றினால் கோடு சாய்வதைக் கண்ணால் பார்க்கலாம். நல்ல தொடக்கம். ஆனால், விதியை அங்கே வேறொருவர் எழுதி முடித்திருக்கிறார்.

அடுத்த படிக்கான பொருள் காஞ்சிபுரத்து மாணவர்களுக்குப் பக்கத்து வீட்டுத் தறியிலேயே இருக்கிறது. தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டி, துளையிட்ட அட்டைகளால் இயங்குகிறது. துளை இருக்கும் இடத்தில் கொக்கி உயரும்; அதில் கட்டிய பாவு இழைகள் எழும். துளை இல்லாவிட்டால் அவை அப்படியே கிடக்கும். ஓர் ஊடைக்கு, அதாவது ஒரு குறுக்கிழைக்கு, ஓர் அட்டை. சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டதும் ஜக்கார்டின் அட்டை முறையைத்தான். அட்டை அடிக்கும் முன் மயிலோ ருத்ராட்சமோ கட்டத்தாளில் கட்டம் கட்டமாக நிரப்பப்படும். அந்தக் கட்டத்தாளை ஸ்க்ராட்ச் என்ற நிரல்மொழியிலோ எக்செல்லிலோ மாணவர்கள் உருவாக்கலாம்.

சேலைக் கரையின் பூ 48 ஊடைக்கு ஒருமுறை திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 500-ஆம் ஊடையில் பூவின் எந்த வரிசை வரும்? 500-ஐ 48-ஆல் வகுத்தால் மீதி 20. ஆக, 20-ஆம் வரிசை. இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தால் கரை முழுவதையும் கணினியே நிரப்பும். ஆனால், 48-ஆம் ஊடையில் மீதி 0. கட்டத்தாளிலோ 0-ஆம் வரிசை கிடையாது. திரையில் அந்த இடம் வெறுமையாக நிற்கும். மீதி 0 என்றால் கடைசி வரிசை என்பதை மாணவரே கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும். சிவப்பு மையால் சுழிக்க ஆசிரியர் தேவையில்லை. பிழை தானே கண்ணில் படுகிறது.

அடுத்து, சேலையின் உடலில் 60 ஊடைக்கு ஒரு புட்டா (சிறு பூ). கரையையும் உடலையும் ஒரே அட்டைச் சரம் இயக்குவதாகக் கொண்டால், இரண்டும் சேர்ந்து மறுபடி தொடங்குவது மீச்சிறு பொது மடங்கான 240-இல். 240 அட்டை போதும். புட்டாவை 50 ஊடையாகக் குறைத்தால்? பூ சிறிதாகிறது, அட்டை 1,200 ஆகிறது! தேர்வுக்காக மனப்பாடம் செய்த மீச்சிறு பொது மடங்கு, இங்கே செலவையும் உழைப்பையும் முடிவுசெய்கிறது.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியே போதும். ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. எழுதி முடித்த நிரலைக் கையில் கொடுத்து, எண்ணை மட்டும் மாற்றச் சொல்லக் கூடாது. திரையின் அழகுக்கு மதிப்பெண் போடவும் கூடாது. அட்டை ஏன் ஐந்து மடங்கானது என்று கேளுங்கள். 48-க்கும் 60-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 12, 48-க்கும் 50-க்கும் வெறும் 2 என்று காரணம் காட்டும் மாணவிக்கு முழு மதிப்பெண் தரலாம்.