சாலை பொதுவாம்! பள்ளி தனியாம்!

நீண்டு கிடக்கிறது நெடுஞ்சாலை. இருமருங்கிலும் செந்நிறக் குன்றுகள்; மேலே மேகமற்ற அரிசோனா வானம். அந்தச் சாலையிலே உருண்டு வருகிறது ஒரு வீடு! ஆம், வீடேதான். படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, குளிக்கும் அறை உண்டு, குளிர்ப்பெட்டியும் உண்டு. ‘ஆர்.வி.’ என்று அமெரிக்கர் சுருக்கி அழைக்கும் வீட்டு வண்டி அது. ஓட்டுபவர் தந்தை; பக்கத்திலே தாய்; பின்புறத்திலே மடக்கு மேசையில் ஏடுகளை விரித்து அமர்ந்திருக்கும் மக்கள் மூவர். பள்ளிக்கூடம்? அதுவும் அந்த வண்டிக்குள்ளேயே! தாயே ஆசிரியை, மேசையே வகுப்பறை, சன்னலே கரும்பலகை!

ஓராண்டு, ஈராண்டு என்று இப்படி ஊர் சுற்றும் குடும்பங்கள் அமெரிக்க நாட்டிலே பெருகியுள்ளன. “மணியடித்தால் எழு, மணியடித்தால் அமர் என்னும் சிறையிலிருந்து எங்கள் மக்களை மீட்டோம், உலகமே எங்கள் பள்ளி” என்று அவர்கள் உவகையோடு உரைக்கின்றனர். கேட்போரும், “அடடா, இதுவல்லவோ விடுதலை!” என்று வியக்கின்றனர்.

நாம் அந்தக் காட்சியைக் கண்டு காழ்ப்புக் கொள்வோர் அல்லர். ஏட்டிலே ஆறு என்று எழுதிக் காட்டுவதைவிட, ஆற்றங்கரையிலே நிறுத்திக் காட்டுவது மேல் என்பதை நாம் மறுக்கவில்லை. மக்களோடு பொழுதைக் கழிக்க விழையும் பெற்றோரின் அன்பையும் பழிக்கவில்லை. ஆனால், விடுதலை என்ற பெரிய சொல்லைக் கேட்டவுடனே ஒரு கேள்வி கேட்பது பகுத்தறிவாளர் வழக்கம். யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை? அந்த விடுதலைக்கு விலை கொடுப்பவர் யார்?

முதலில், அந்த வண்டி ஓடும் சாலையைப் பாருங்கள். 1956இல் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால், 41,000 மைல் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட மாபெரும் வலைப்பின்னல் அது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை நடுவண் அரசு ஏற்றது. யாருடைய பணம்? பொதுமக்கள் பணம்! வண்டி சென்று நிற்கும் எல்லோசுடோன் பூங்கா யாருடையது? தனியார் வளைத்துப் போடாதபடி, மக்கள் அனைவருக்கும் என்று 1872இல் சட்டம் செய்து காத்த நிலம் அது. நான்காம் வகுப்பு அகவையுள்ள பிள்ளைக்கு நாட்டுப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் இல்லையென்ற சலுகை 2015இல் தொடங்கியது. அதைத் தந்தது யார்? பொது அரசு! ‘இளம் வனக்காவலர்’ என்று பிள்ளையின் சட்டையில் வில்லை குத்தி மகிழ்விப்பவர் யார்? பொது ஊழியர்! மழைநாளில் வண்டியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் படிக்கப் புகும் நூலகம் எது? பொது நூலகம்!

சாலை பொது. காடு பொது. மலை பொது. நூலகம் பொது. பள்ளி மட்டும் தனி! பொதுமையின் தோளிலே ஏறி அமர்ந்துகொண்டு, “பொதுப் பள்ளி எங்களுக்கு ஆகாது” என்று கூறுவது என்ன நியாயம் என்பதே நம் கேள்வி.

“பள்ளியை விட்டு விலகினோம், யாருக்கு என்ன கேடு?” என்பார்கள். வரலாறு விடை கூறட்டும்.

1960ஆம் ஆண்டு. எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக் தம் நாட்டை மீண்டும் காண விழைந்தார். சரக்கு வண்டி ஒன்றின் மேல் சிறு அறை அமைத்து, அதற்கு டான் குவிக்சாட்டின் குதிரைப் பெயரைச் சூட்டி, சார்லி என்னும் நாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டார். இன்றைய வீட்டு வண்டிப் பயணிகள் தம் முன்னோடியாகப் போற்றுவது அந்தப் பயணத்தைத்தான். மலைகளையும் மரங்களையும் கண்ட அவர், பயணத்தின் கடைசியிலே நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் வாயிலைக் கண்டார். அங்கே என்ன கண்டார்?

ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, நடுவண் அரசின் காவலர் சூழப் பள்ளிக்கு நடந்து வருகிறாள். வெள்ளையர் மட்டுமே பயின்ற பள்ளி அது. வாயிலிலே நின்று வசைமாரி பொழிந்தவர்கள் கயவர் கூட்டமா? இல்லை, தாய்மார்கள்! பெற்ற வயிறுகள்! அந்தப் பச்சிளங் குழந்தை உள்ளே நுழைந்ததும் வெள்ளையப் பெற்றோர் என்ன செய்தனர்? தம் மக்களைக் கையோடு அழைத்துக்கொண்டு வெளியேறினர். அந்த ஆண்டு முழுவதும் காலியான வகுப்பறையிலே ஒரே மாணவி, ஒரே ஆசிரியை. பார்பரா ஹென்றி என்னும் அந்த ஆசிரியை ஒருத்திக்காகவே நாள்தோறும் பாடம் நடத்தினார்.

வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்திலோ இன்னும் கொடுமை! நிறம் பிரிக்காமல் பள்ளி நடத்து என்று நீதிமன்றம் ஆணையிட்டவுடன், 1959இல் பொதுப்பள்ளிகள் அனைத்தையும் இழுத்துப் பூட்டினர். 1964இல் உச்சநீதிமன்றம் தலையிடும்வரை பூட்டுத் திறக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு? தெரு இருந்தது!

இன்று வீட்டு வண்டியில் செல்வோரெல்லாம் நிறவெறியர் என்று நாம் கூறவில்லை. கூறினால் அது பொய். வீட்டுக்கல்வி இயக்கத்தின் தொடக்கத்திலே ஜான் ஹோல்ட் போன்ற நல்லெண்ணம் கொண்ட ஆசிரியரும் இருந்தார். பள்ளி பிள்ளையின் ஆர்வத்தை அடித்துக் கொல்கிறது என்று வருந்தி 1977இல் இதழே தொடங்கினார். நாம் சுட்டுவது வேறு. விலகுவோரின் உள்ளம் வெள்ளையோ கருமையோ, விலகலின் விளைவு ஒன்றே. வலியவர் வெளியேறினால், எளியவர் எஞ்சி நிற்கும் இடமாகிறது பள்ளி. குரல் உடையவர் போய்விட்டால், ஒழுகும் கூரையைப் பற்றிக் கேட்க யார் இருப்பார்?

“கறுப்பினக் குடும்பங்களே இன்று வீட்டுக்கல்வியை நாடுகின்றனவே?” என்று நம்மை மடக்குவோர் உண்டு. உண்மைதான். பெருந்தொற்று பரவிய 2020இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குத் துறை கேட்டறிந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் உள்ள கறுப்பினக் குடும்பங்களில் வீட்டிலேயே கற்பிப்பவை வசந்தகாலத்தில் 3.3 விழுக்காடு, இலையுதிர்காலத்தில் 16.1 விழுக்காடு! ஏன் வெளியேறினர்? நோய்க்கு அஞ்சியவர் உண்டு. பள்ளியிலே தம் பிள்ளை ஏளனத்துக்கும் மிகையான தண்டனைக்கும் ஆளாவது கண்டு மனம் புண்பட்டவரும் உண்டு. அவர்களை நாம் குறை கூறோம். வீடு தீப்பற்றியபோது வெளியே ஓடுவது பிழையன்று. ஆனால் தீயை அணைக்க வேண்டாமா? வாசலில் நின்றுகொண்டு, “வெளியே காற்று நன்றாக வீசுகிறது” என்று பாடுவதா?

அடுத்து, அந்த வண்டிக்குள்ளே நடக்கும் பாடத்தைக் கவனிப்போம். அரிசோனாவின் பெரும் பள்ளத்தாக்கு. விளிம்பிலே கிடக்கும் சுண்ணப்பாறைக்கு அகவை ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகள். அடியாழத்துப் பாறைகளுக்கோ 170 கோடி ஆண்டுகளுக்கு மேல்! மீட்டருக்குப் பத்து இலட்சம் ஆண்டு என்று கணக்கிட்டு, ‘காலப் பாதை’ ஒன்றை அந்த விளிம்பிலேயே 2010இல் அமைத்துள்ளனர். நடந்தாலே நில வரலாறு விளங்கும். ஆனால், “உலகம் தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின, இந்தப் பள்ளத்தாக்கு நோவா காலத்து வெள்ளம் அறுத்தது” என்று அச்சிட்ட பாடநூல்களும் வீட்டுக்கல்விச் சந்தையிலே விலை போகின்றன. அந்த நூலைக் கையிலேந்திய தந்தை, அந்த விளிம்பிலேயே தன் மகளை நிறுத்தி அதையே ஓதினால், “இல்லை குழந்தாய், வேறு விடையும் உண்டு” என்று கூற வண்டிக்குள்ளே யார் இருக்கிறார்? ஆயிரம் மைல் பயணம். ஆனால் அப்பாவின் தலையைத் தாண்டி அந்தப் பிள்ளை ஓரடி நகரவில்லை!

எல்லாப் பெற்றோரும் இப்படியல்லர். ஆயினும் பள்ளி எதற்காக? பெற்றோர் அறிந்ததை மட்டும் பிள்ளை அறிந்தால் போதாது என்பதற்காக! பெற்றோர் நம்பாததையும், விரும்பாததையும், கேள்விப்படாததையும் பிள்ளை ஒருமுறையாவது கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக!

“நீங்கள் ஆசிரியர்கள், பிழைப்புப் போய்விடுமே என்று பதறுகிறீர்கள்” என்று நையாண்டி செய்வார்கள். செய்யட்டும். கரும்பலகையின் முன்னே நின்றவர்களுக்குத் தெரியும், வகுப்பிலே பாடம் மட்டும் நடப்பதில்லை என்று. காலையில் உண்ணாமல் வந்த முகம் எது, இரவெல்லாம் அழுத கண் எது, சட்டைக்குள்ளே மறைத்த தழும்பு எது என்று பல வேளைகளில் முதலில் காண்பது ஆசிரியரின் கண். குழந்தைக்குக் கொடுமை நேர்ந்ததென ஐயுற்றால் அறிவித்தே தீரவேண்டும் என்று அமெரிக்க மாநிலச் சட்டங்கள் ஆசிரியரைப் பணித்திருப்பது அதனால்தான். இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று ஓடும் வண்டியிலே அந்தக் கண் எங்கே?

சட்டம் காக்காதா என்பீர்கள். சட்டத்தின் அழகைக் கேளுங்கள்! பென்சில்வேனியாவும் நியூயார்க்கும் அறிவிப்புக் கேட்கின்றன, ஆண்டுதோறும் மதிப்பீடு கேட்கின்றன. டெக்சாஸ் மாநிலமோ அரசுக்கு அறிவிக்கவும் வேண்டா, தேர்வும் வேண்டா என்று விட்டுவிட்டது. தெற்கு டகோட்டா முன்பு வைத்திருந்த தேர்வையும் 2021இல் நீக்கிவிட்டது. நிலையான ஊரின்றிச் சுற்றுவோர் பலர், டெக்சாஸ், தெற்கு டகோட்டா, புளோரிடா ஆகிய மாநிலங்களில் ஓர் அஞ்சல் முகவரியை அமர்த்திக்கொண்டு அதையே சொந்த ஊராக்கிக் கொள்கின்றனர். இம்மூன்று மாநிலங்களிலும் தனிமனிதருக்கு மாநில வருமான வரி கிடையாது! கடிதம் வந்து சேர ஊர் உண்டு. பிள்ளை என்ன படித்தது என்று கேட்க ஊர் இல்லை!

இன்னொரு வண்டியையும் பாருங்கள். அதே சாலை, அதே வெயில். புளோரிடாவில் குளிர்காலக் காய்கறி பறித்து முடித்த குடும்பம், கோடையில் மிச்சிகன் மாநிலத்து வெள்ளரித் தோட்டத்தை நோக்கிச் செல்கிறது. அந்தப் பிள்ளைகளும் ஊர் ஊராகச் சுற்றுகின்றனர். அவர்களை யாராவது “உலகமே பள்ளியாகக் கொண்ட செல்வங்கள்” என்று வாழ்த்தினரா? 1938இன் தொழிற்சட்டம் உழவுத் தொழிலுக்கு விலக்கு அளித்ததால், பெற்றோர் இசைந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் பள்ளி நேரம் நீங்கலாக வயலில் வேலை செய்யலாம். பருவத்துக்கொரு பள்ளி மாறும் அந்தப் பிள்ளைகளுக்கென்று நடுவண் அரசு 1966இல் தனிக் கல்வித் திட்டமே வகுக்க நேர்ந்தது. ஒரு வண்டியில் செல்லும் பிள்ளை பள்ளியை வேண்டா என்கிறது; மற்றொரு வண்டியில் செல்லும் பிள்ளை பள்ளி கிடைக்குமா என்று ஏங்குகிறது. பணமுள்ளவன் சுற்றினால் பயணம். பணமில்லாதவன் சுற்றினால் பரிதாபம்!

‘வீடே பள்ளி’ என்ற சொல் தமிழருக்குப் புதியதன்று. 1953இல் ஆச்சாரியார் ஆட்சியிலே, அரைநாள் பள்ளி, அரைநாள் வீட்டிலே தந்தை தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று அதன் முகத்திரையைக் கிழித்து நாடே போராடியது. மறு ஆண்டே அது மாண்டது. ஏன் எதிர்த்தோம்? வீடு அன்பைத் தரும். ஆனால் வீட்டுக்குள்ளே இருப்பதை மட்டுமே தரும் என்பதால்! இருப்பவன் வீட்டில் ஏடு இருக்கும். இல்லாதவன் வீட்டில் ஏர் கூட இராது. அந்த வேற்றுமையை உடைக்க மனிதன் கண்ட கருவியே பொதுப்பள்ளி. மாசச்சூசெட்ஸ் 1852இல் கட்டாயக் கல்விச் சட்டம் இயற்றியது. கடைசி மாநிலமான மிசிசிப்பி 1918இல்தான் இணங்கியது. அறுபத்தாறு ஆண்டுகள் அரும்பாடுபட்டு முடித்த வேலையை, விடுமுறைக் களிப்பிலே கலைத்துவிடலாமா?

அப்படியாயின் வண்டியை நிறுத்திவிடவா என்று கேட்பீர்கள். வேண்டா! ஓடட்டும். ஆனால் ஓடும் பிள்ளையின் பெயர் ஏதேனும் ஒரு பொதுப்பள்ளியின் பதிவேட்டிலே இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும், குடும்பத்தைச் சாராத ஆசிரியர் ஒருவர் அந்தப் பிள்ளையோடு தனியே அமர்ந்து பேசட்டும். எழுத்தும் எண்ணும் அறிவியலும் எட்டியுள்ளனவா என்று பார்க்கட்டும். மாநிலத்துக்கு மாநிலம் நழுவ முடியாதபடி அந்த முறை எங்கும் ஒன்றாக இருக்கட்டும். அதற்கும் மேலே, அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பிலே பெற்றோர் வாங்கிய வண்டியில் வந்த மூவர் மட்டுமல்ல, பள்ளி வண்டியில் வந்த முப்பது பேரும் நிற்கட்டும்! பயணம் நல்ல கல்வி என்றால், அந்த நல்லது எல்லார்க்கும் கிடைக்கட்டும்.

ஆறு வயது ரூபி தலைநிமிர்ந்து உள்ளே நுழைந்தாள். அவள் தேடி வந்தது வகுப்பறையை மட்டுமன்று. பக்கத்தில் அமர ஒரு தோழியையுந்தான். அந்த இருக்கையைக் காலியாக்கிவிட்டு எத்தனை ஆயிரம் மைல் சென்றால் என்ன?

சாலை பொது. பள்ளியும் பொது ஆகட்டும். அதுவரை அந்த உருளும் வீட்டை ஊர்தி என்போம், உல்லாசம் என்போம், விடுதலை என்று மட்டும் சொல்ல மாட்டோம்!