பூனைக்கும் பல் உண்டு

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கயம் காளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம். வயதும் விலையும் அதில் தெரியும். விலையில்லாத வீட்டுப் பூனையின் வாயை யார் பார்க்கிறோம்?

ஆறு மாதத்திற்குள் அதற்கு 30 நிலைப்பற்கள் முளைத்துவிடுகின்றன. பல்லில் படியும் அழுக்கு இறுகிப் பற்காரையாகிறது, ஈறு புண்ணாகிறது. பூனையோ வலியை மறைத்துக்கொள்ளும்.

பற்காரையை முறையாகச் சுரண்டி எடுக்க மயக்க மருந்து தேவை. ஆகவே இளம்பூனைக்கெல்லாம் அதைச் செய்ய வேண்டியதில்லை. தினமும் மெல்லத் துலக்கிவிடலாம். நாம் துலக்கும் பற்பசை மட்டும் ஆகாது. ஆனால் ஈறு சிவந்தாலோ வாய் நாறினாலோ, 'குட்டிதானே' என்று தள்ளிப்போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"பூனைக்குச் செலவா?" என்று வீட்டில் கேட்பார்கள். எலியிடமிருந்து நம் சோளத்தைக் காத்ததற்குக் கூலி என்று சொல்வோம், நண்பர்களே!